எனக்காக அவள் கேட்ட கேள்விகள்

கடலூர் ஆஸ்பத்திரியின் சிமெண்டுத் தரையில் மைமூன் மண்டியிட்டு உட்கார்ந்தாள். உடம்பு முழுக்கப் போர்த்தியிருந்த துப்பட்டியை இழுத்துச் சரிசெய்துகொண்டு, குதிகால்களின் மேல் உடம்பை மெதுவாக இறக்கி, இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“இப்புடி சார். தொழுவுறப்ப இப்புடி உக்காரணும். இவுங்க காலு இப்புடி மடங்குமா?”

அறையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். தோளுக்காகக் கயிறு இழுத்துக்கொண்டிருந்தவர் கயிற்றை விட்டுவிட்டார். விரல் வலிக்காக உருக்கிய மெழுகில் கையை முக்கி எடுத்த ஓர் அம்மாள், மெழுகு சொட்டச் சொட்ட அப்படியே நின்றார். நான் சுவரில் சுண்ணாம்பு பொரிந்திருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பயிற்சி கொடுக்கும் சார் சின்ன வயதுக்காரர். மெட்ராஸில் படித்துவிட்டு வந்தவர். பாண்டை முழங்காலில் தூக்கிவிட்டுக்கொண்டு அவரும் அவளுக்கு எதிரே குந்தினார். அவளுடைய பாதம் எப்படி மடிந்திருக்கிறது, முழங்கால் எங்கே இருக்கிறது என்று கவனமாகப் பார்த்தார்.

“இதுவரைக்கும் யாரும் இப்படி உக்காந்து காட்டலம்மா. நாற்காலியில உக்கார்ற அளவுக்கு மடங்குனா போதும்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன்” என்றார்.

“எங்க வூட்ல நாற்காலியே இல்ல சார்” என்றாள் மைமூன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எழுந்திருக்கும்போது ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டாள். எழுந்த பிறகும் அவளுக்குப் பேச்சு வரவில்லை. துப்பட்டியால் வாயைப் பொத்திக்கொண்டு மூச்சு வாங்கினாள். அவளுக்கும் மூட்டில் ஏதாவது தொந்தரவா என்று சார் கேட்டார்.

“எனக்கு ஒன்னுமில்ல சார். நீங்க இவுங்களப் பாருங்க.”

இந்தத் தொடரில் போன வாரம், புவனகிரியில் சைக்கிள் கடை போட்ட கதையைச் சொல்லி நிறுத்தியிருந்தேன். அதற்கு அடுத்தபடி என் வாழ்க்கையில் நடந்தது இதுதான். இதைச் சொல்லாமல் தாண்டிப் போய்விடலாமா என்று இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன். தாண்ட முடியவில்லை.

பிரேக் பிடிக்காத சைக்கிள்

அறுபதுகளில், பெரிய புயல் அடித்த வருஷத்துக்குப் பிறகு என்று ஞாபகம். அரிசிக்கு ஜனங்கள் வரிசையில் நின்ற காலம். எனக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது. எங்களுக்குப் பிள்ளைகள் தங்கவில்லை. வீட்டில் நானும் என் மனைவி மைமூனும் மட்டும்.

பிரேக் பிடிக்கவில்லை என்று ஒரு சைக்கிள் ரிப்பேருக்கு வந்தது. உண்மையிலேயே பிடிக்கவில்லையா என்று பார்ப்பதற்காக, வெள்ளாற்றுப் பாலத்துச் சரிவில் ஓட்டிப் பார்த்தேன். பிடிக்கவில்லை.

மைல் கல்லில் முட்டி அடித்து முழங்கால் சில்லு உடைந்தது. கடலூர் ஆஸ்பத்திரியில் தொடையிலிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டுப் போட்டார்கள். வாரக்கணக்கில் அந்தக் கட்டோடு கிடந்தேன். உள்ளே அரித்தால் சொறிவதற்காக, கடையில் கிடந்த பழைய சைக்கிள் கம்பி ஒன்றின் முனையில் துணி சுற்றி மைமூன் தலைமாட்டில் வைத்திருந்தாள்.

கட்டைப் பிரித்த அன்று பார்த்தால், கால் முருங்கைக்காய் மாதிரி இளைத்து நீண்டு கிடந்தது. எலும்பு கூடிவிட்டது என்றார்கள். ஆனால் முழங்கால் மடங்கவில்லை. நான் மடக்கச் சொன்னேன். அது யாருக்கோ சொன்ன மாதிரி இருந்தது.

சைக்கிள் கடைக்காரனுக்குக் குந்தி உட்கார முடியாவிட்டால் தொழில் இல்லை. அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பெஞ்சின் மேல் சைக்கிளைத் தூக்கி வைத்து, நின்றுகொண்டே பஞ்சர் ஒட்டினேன். தொழுகைக்கு அப்படி ஒரு வழி எனக்குத் தோன்றவில்லை.

கடைசி வரிசை

மற்ற மதத்து வாசகர்களுக்காக இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பள்ளிவாசலில் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நிற்போம். குனிவோம், நெற்றி தரையில் படச் சிரம் பணிவோம், மடக்கி உட்காருவோம். உடம்புக்கு முடியாதவர் உட்கார்ந்தபடி தொழலாம், படுத்தபடிகூடத் தொழலாம். மார்க்கத்தில் அதற்குத் தடையே இல்லை. தடை என் கூச்சத்தில் இருந்தது.

கட்டைப் பிரித்த பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழப் பள்ளிக்குப் போனேன். காலை முன்னால் நீட்டித்தான் உட்கார முடிந்தது. நீட்டிய கால் முன்வரிசையில் இருந்தவருடைய பாதத்தில் இடித்தது. அவர் துணி வியாபாரி, நல்ல மனிதர். சிரம் பணிந்து எழும்போதெல்லாம் என் கால் அவரைத் தொட்டுக்கொண்டே இருந்தது. அவர் பாதத்தை ஒடுக்கி எனக்கு இடம் விட்டார். எனக்குத்தான் காது இரண்டும் சுட்டது.

அடுத்த வாரம் கடைசி வரிசையில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில், சுவரோரம் உட்கார்ந்தேன். அங்கே உட்கார்ந்தால் உள்ளே வருகிறவர் ஒவ்வொருவரும் நின்று, காலுக்கு என்ன என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். அன்பாகத்தான் கேட்டார்கள். எனக்குப் பதில் சொல்லி மாளவில்லை.

அதற்கடுத்த வாரத்திலிருந்து வீட்டிலேயே தொழ ஆரம்பித்தேன். தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சத்தம் கேட்கும். தெருவில் ஆட்கள் பேசிக்கொண்டே போவார்கள். மைமூன் கதவுக்கு உள்ளே நின்று அவர்கள் போவதைப் பார்ப்பாள், பிறகு திரும்பி என்னைப் பார்ப்பாள்.

“ஆம்பள ஜும்ஆவுக்குப் போவாத வூடு ஒரு மாதிரியா இருக்குது மச்சான்” என்று ஒருநாள் சொன்னாள். அதற்குமேல் என்னை வற்புறுத்தவில்லை. அதற்கடுத்த திங்கட்கிழமைதான் கடலூர் ஆஸ்பத்திரியில் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து காட்டினாள்.

சார் அவளுக்கு மழுப்பாமல் பதில் சொன்னார். உடைந்து கூடிய சில்லு என்பதால் அவ்வளவு தூரம் மடங்கும் என்று தன்னால் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் விடாமல் செய்தால் இப்போதைவிட எவ்வளவோ தேவலை ஆகும் என்றார். மைமூன் அதில் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

கரண்ட் ரூம்

அந்த அறைக்கு ஆஸ்பத்திரியில் வேறு பெயர் இருந்தது. ஜனங்கள் சொன்னது கரண்ட் ரூம். மூட்டுக்குச் சூடு கொடுக்கிற ஒரு பெட்டி அங்கே இருந்தது. அதிலிருந்து ஒயர்கள் வரும். உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது என்பதால் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். இடுப்பு வலிக்காக வந்த ஒருவர் வெள்ளி அரைஞாணைக் கழற்ற மறுத்து, அதைக் கழற்றினால் செத்தவனுக்குச் சமம் என்று சண்டை போட்டுவிட்டு, வலியோடு ஊருக்கே திரும்பிப் போய்விட்டார்.

கயிறு இழுத்தவர் என்று முதலில் சொன்னேனே, அவர் பெயர் கலியபெருமாள். குமராட்சிப் பக்கம் விவசாயம். வலது தோள் இறுகிப்போய், கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. உத்தரத்தில் கப்பி கட்டி, அதில் ஒரு கயிறு போட்டிருப்பார்கள். நல்ல கையால் ஒரு முனையை இழுத்தால் மறுமுனையைப் பிடித்திருக்கும் கெட்ட கை மேலே போகும். “கெணத்துல தண்ணி எறைக்கிறதுக்கு இவ்ளோ தூரம் பஸ் ஏறி வரேன்” என்பார்.

எனக்குக் கொடுத்தது பவுடர் பலகை. வழவழப்பான பலகையில் பவுடரைத் தூவி, அதன்மேல் குதிகாலை வைத்து முன்னும் பின்னுமாக இழுக்க வேண்டும். வீட்டிலும் செய்யச் சொன்னார்கள். சிங்கப்பூரில் இருந்த மைமூனின் அண்ணன் அனுப்பிய வாசனைப் பவுடர் டப்பா ஒன்று பெட்டியில் இருந்தது. பெருநாளுக்கென்று மூடி திறக்காமல் வைத்திருந்தது. அந்த வருஷம் அது முழுக்க என் குதிகாலுக்குப் போயிற்று. இன்றைக்கும் யாராவது அந்தப் பவுடர் போட்டுக்கொண்டு கடைப்பக்கம் வந்தால் என் முழங்கால் ஒருமுறை இழுத்துக்கொள்ளும்.

அவள் கேட்டதும் அவர் சொன்னதும்

எனக்கு டாக்டர், வாத்தியார், கண்டக்டர் யாரிடமும் கேள்வி கேட்க வராது. ஐந்தாம் வகுப்பில் நான் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். எனக்குப் பதிலாக மைமூன் கேட்டாள்.

புவனகிரியிலிருந்து கடலூருக்கு பஸ்ஸில் வரும்போது, நீட்டிய என் காலை வழியில் நடப்பவர்கள் மிதித்துவிடாமல் ஓரத்தில் அணை மாதிரி உட்கார்ந்துகொள்வாள். ஆலப்பாக்கம் தாண்டி உப்புக் காற்று அடிக்கும்போது விரல்களை மடக்கி ஏதோ முணுமுணுப்பாள். ஓதுகிறாள் என்று முதலில் நினைத்தேன். சாரிடம் கேட்க வேண்டியதை மனதில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

வலித்தால் நிறுத்திவிட வேண்டுமா, வலித்தாலும் செய்ய வேண்டுமா என்பது முதல் கேள்வி. கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும், செய்து முடித்துச் சற்று நேரத்தில் அடங்கினால் சரி, மறுநாளும் வலித்து வீங்கினால் அளவு ஜாஸ்தியாகிவிட்டது என்று அர்த்தம் என்றார் சார். இரவில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு காலை மடக்கும்போது, அவள் என் முழங்காலைப் பார்க்க மாட்டாள். முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, போதும் என்பாள்.

வெந்நீரா பச்சைத் தண்ணீரா என்று கேட்டாள். இறுகிக் கிடந்தால் வெந்நீர்த் துணி, புதிதாக வீங்கினால் குளிர்ந்த துணி. மடக்கும்போது நொறுக்கு நொறுக்கென்று சத்தம் வருகிறதே, உள்ளே தேய்கிறதா என்று கேட்டாள். வலியில்லாத சத்தத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றார். எண்ணெய் போட்டு நீவலாமா என்று கேட்டாள். மேலாகத் தடவலாம், வைத்தியர் என்று யாராவது முரட்டுத்தனமாக மடக்க வந்தால் காலைக் கொடுக்காதீர்கள் என்றார்.

கத்தரிக்காய் வாயு என்கிறார்களே, கருவாடு சேர்க்கலாமா, மாட்டுக்கறி சேர்க்கலாமா என்று அவள் வரிசையாகக் கேட்கவும் சார் சிரித்துவிட்டார். எல்லாம் சாப்பிடட்டும், சாப்பிட்டுவிட்டு நடக்கட்டும் என்றார்.

ஒருமுறை அவரைச் சற்றுத் தள்ளிக் கூப்பிட்டு ஏதோ மெதுவாகக் கேட்டாள். அவரும் மெதுவாகப் பதில் சொன்னார். கொல்லைக்குப் போகும்போது நான் எப்படி உட்காருவது என்பதுதான் கேள்வி என்று எனக்கு வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தது. நான் வாரக்கணக்காக யாரிடமும் சொல்ல முடியாமல் பட்ட அவஸ்தை அது. அவளிடமும் நான் சொல்லியிருக்கவில்லை.

“என்னா பாய், ஒரு வக்கீலையே கூட்டியாந்துட்டீங்க” என்றார் கலியபெருமாள். பிறகு மைமூனிடம், “தங்கச்சி, எனக்கும் சேத்து ஒன்னு கேளும்மா. இந்தக் கை எப்ப மேல போவும்?” என்றார்.

அவள் அதையும் கேட்டாள். நாள் கணக்குச் சொல்ல முடியாது, போன மாதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், நேற்றோடு ஒப்பிடாதீர்கள் என்றார் சார். கலியபெருமாளுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. “மழையப் பத்திக் கேட்டாலும் இதத்தான் சொல்லுவாரு” என்றார்.

ஓடிப்போன வலி

நான் சலித்துப்போகும் நாட்களில் மைமூன் தன் கதையைச் சொல்வாள்.

அவளுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும்போது காய்ச்சல் வந்து மூட்டெல்லாம் வீங்கியதாம். இன்றைக்கு முழங்கால் வீங்கினால் நாளைக்கு அது வற்றி மணிக்கட்டு வீங்கும். அப்புறம் முழங்கை. தொட்டால் அலறுவாளாம். போர்வை பட்டால்கூட வலிக்குமாம். அவள் அம்மா தர்காவில் ஓதிய தண்ணீர் வாங்கிவந்து கொடுத்தார்கள். யாரோ ஒரு வைத்தியர் தைலம் கொடுத்தார். கொஞ்ச நாளில் ஒரு தழும்பு, ஒரு கோணல் இல்லாமல் எல்லா வீக்கமும் வற்றிவிட்டது.

“எந்த டாக்டருகிட்டயும் போவல மச்சான். தானா ஓடிப் போச்சு. உங்களுக்கு டாக்டரு இருக்காரு, பலகை இருக்கு, பவுடரு இருக்கு. ஏன் போவாது?”

இதைச் சொல்லும்போது முந்தானையை ஒதுக்கி மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டுவாள். மெலிந்த, அழகான மணிக்கட்டு. ஒரு குறையும் இல்லை. எங்கள் வீட்டில் குணமாவதற்கு அதுதான் அத்தாட்சி.

அவளுக்கு மூச்சு வாங்குவதை நாங்கள் பெரிதாக நினைக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்தே தண்ணீர்க் குடம் தூக்கி வந்தால் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் பேசுவாள். அவள் உடம்பு அப்படி என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். வலி எங்கே இருக்கிறதோ அங்கேதான் வியாதி என்று நினைப்பவர்கள் நாங்கள். என் முழங்காலில் வலி இருந்தது. அவளுக்கு எங்கும் வலி இல்லை.

என் கால் கொஞ்சம் கொஞ்சமாக மடங்கியது. நாற்காலி உயரத்தில் உட்கார முடிந்தது. படி ஏற முடிந்தது. குதிகாலுக்கும் தொடைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று அவள் கையைக் கொடுத்து அளப்பாள். ஒரு சாண் இருந்தது, பிறகு சாணுக்குக் குறைந்தது. குறைந்த அன்றெல்லாம் அவளுக்கு வீட்டில் பெருநாள்.

அளப்பதற்காக ஒருநாள் குனிந்தவள் அப்படியே என் தொடையைப் பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் இருந்தாள். உதடு நீலம் பூத்திருந்தது. அப்போதுதான் அவள் பாதங்களைப் பார்த்தேன். மருதாணிச் சிவப்புக்கு மேல் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்தது.

சிதம்பரத்தில்

சிதம்பரத்தில் ஒரு டாக்டரிடம் குதிரை வண்டியில் கூட்டிப்போனேன். வயதானவர், அதிகம் பேசாதவர். மைமூனின் நெஞ்சிலும் முதுகிலும் குழாயை வைத்து வெகு நேரம் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“சின்ன வயசுல ஜொரம் வந்து மூட்டு வீங்கியிருக்கா?”

அவளுக்குப் பேச மூச்சில்லை. என்னைப் பார்த்தாள். ஒரு டாக்டருக்கு நானாக வாய் திறந்து பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.

“வந்துச்சுங்க. எடம் மாத்தி எடம் வீங்குமாம். அப்பறம் தானாவே நல்லாப் போயிடுச்சுங்க.”

நல்ல செய்தி சொல்வதைப் போலத்தான் சொன்னேன். அவர் குழாயைக் காதிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“போவல. மூட்ட விட்டுட்டு நெஞ்சுக்குப் போயிருக்கு” என்றார்.

நெஞ்சுக்குள் கதவு மாதிரி ஒன்று உண்டு, அந்தக் காய்ச்சல் அதைச் சுருக்கிவிட்டது, வருஷங்கள் ஆக ஆக அது சரியாகத் திறக்கவில்லை என்று எனக்குப் புரியும்படி சொன்னார். மூட்டுவலி போய்விட்டதென்று எல்லோரும் நிம்மதியாக இருந்துவிடுவார்கள், இது அப்படித்தான் ஏமாற்றும் என்றார். மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். ஆனால் இந்த நீரும் மூச்சிரைப்பும் இருக்கும்போது அவ்வளவு தூரம் பிரயாணம் கூடாது. மாத்திரை கொடுத்து நீரை வடித்துவிட்டு அனுப்புகிறேன் என்றார்.

வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்று என்னைப் பார்த்தார்.

கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. மெட்ராஸுக்குப் போனால் பிழைப்பாளா, எத்தனை நாள் பொறுக்கலாம், ராத்திரி மூச்சு முட்டினால் என்ன செய்வது. இத்தனையும் இப்போது எழுத வருகிறது. அன்றைக்கு என் வாயில் வந்தது வேறு. கடைசியில் கேட்டேன்:

“சாப்பாட்டுல என்னா சேத்துக்கலாங்க?”

“உப்பு வேணாம்” என்றார்.

திரும்பும்போது வண்டியில் மைமூன் என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள். வண்டி மேல வீதியைத் தாண்டியது. பிறகு, மூச்சுக்கு நடுநடுவே நிறுத்தி, “ஒரே ஒரு கேள்வி கேட்டீங்க மச்சான். அதும் சோத்தப் பத்தி” என்றாள். குரலில் கேலி இருந்தது. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு கடலூருக்கு நான் தனியாகப் போனேன். என்னைப் போகச் சொல்லி அவள்தான் பிடிவாதம் பிடித்தாள். சாரிடம் கேட்க வேண்டியதை வாய்ப்பாடு மாதிரி சொல்லிக் கொடுத்து அனுப்புவாள். நான் அங்கே போய்ப் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கலியபெருமாள் கயிற்றை இழுத்துக்கொண்டே, “தங்கச்சி என்னா கேக்கச் சொல்லிச்சு பாய்? சொல்லுங்க, நான் கேக்குறேன்” என்பார். அவரிடம் சொல்வேன். அவர் உரக்கக் கேட்பார். சார் என்னைப் பார்த்துப் பதில் சொல்வார். வீட்டுக்கு வந்து நான் ஒப்பிப்பேன். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடி அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். அவளால் அப்போது படுத்துத் தூங்க முடியவில்லை.

ஐப்பசி மழை

நீர் கொஞ்சம் வடிந்தது. அடுத்த வாரம் மெட்ராஸ் போகலாம் என்று சிதம்பரம் டாக்டர் சொன்னார். அவளுடைய சித்தப்பா மகன் கூட வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தான். அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வெள்ளாற்றில் தண்ணீர் ஏறிப் போக்குவரத்து நின்றது. அந்த ஈரத்தில் அவளுக்கு இருமல் வந்தது. ஒரு காலை நேரம், தேநீர் கேட்டாள். நான் கொண்டுவந்தபோது தம்ளரை வாங்கக் கை நீட்டவில்லை.

மழை விட்ட இடைவெளியில் அவளுடைய ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்தோம். நானும் சந்தூக்குப் பெட்டியின் ஒரு முனைக்குத் தோள் கொடுத்தேன். என் நடை ஒரு பக்கம் இறங்கி ஏறும். பெட்டி ஆடுவதைப் பார்த்து, பாதி வழியில் ஒருவர் என் தோளிலிருந்து தன் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

பள்ளிவாசல் முற்றத்தில் அவளை முன்னால் வைத்து வரிசை கட்டினார்கள். நான் பழக்கத்தில் பின்னால் ஒதுங்கினேன். தொழ வைக்கும் ஹஜ்ரத் என் கையைப் பிடித்து இழுத்து முதல் வரிசையில் நிறுத்தினார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு ஒரு வரிசைக்குள் நின்றேன். இந்தப் பக்கம் ஒரு தோள், அந்தப் பக்கம் ஒரு தோள். ஈரச் சட்டைகளின் வாசனை.

அல்லாஹு அக்பர் என்று தக்பீர் கட்டியதும் என் முழங்கால் தானாகப் பயந்தது. பிறகுதான் நினைவு வந்தது. ஜனாஸா தொழுகை முழுக்க நின்றபடியே தொழுவது. அதில் குனிவது இல்லை, சிரம் பணிவது இல்லை, உட்காருவது இல்லை. சின்ன வயதிலிருந்து எத்தனையோ ஜனாஸாவில் நின்றிருக்கிறேன், தெரியாததல்ல. ஆனாலும் அன்றைக்கு ஒவ்வொரு தக்பீருக்கும் நடுவில், யாருமே அசையாமல் நின்ற அந்த நேரத்தில், நான் மற்றவர்களைப் போலவே இருந்தேன். அந்த ஊரில் நல்ல கால் உள்ள ஒருவரும் என்னைவிட அதிகமாக எதுவும் செய்யவில்லை. இதைப் பார்க்கத்தான் அவள் ஆசைப்பட்டாள். எங்களுக்கு முன்னால் வெள்ளைத் துணிக்குள் கிடந்தாள்.

என் முழங்கால் கடைசிவரை அவள் தரையில் உட்கார்ந்து காட்டிய அளவுக்கு மடங்கவில்லை.

அடக்கம் முடிந்து வெளியே வந்தபோது, கபர்ஸ்தான் சுவரோரம் கலியபெருமாள் குடையோடு நின்றுகொண்டிருந்தார். சேதி எப்படி எட்டியது, அந்தத் தண்ணீரில் எப்படி வந்தார் என்று தெரியவில்லை. வேட்டி இடுப்புவரை நனைந்திருந்தது. நல்ல தோளில் குடையைச் சாய்த்துக்கொண்டு, என் பக்கத்தில் நடந்து வந்தார். 

“பள்ளிவாசல் கேட்டு பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன் பாய். எல்லாரும் குனியறப்ப நீங்க என்னா பண்ணுவீங்களோன்னு எனக்குத் திக்கு திக்குன்னு இருந்துச்சு. கடசிவரைக்கும் யாருமே குனியல.”

“இந்தத் தொழுகையில குனியறது இல்லண்ணே.”

“அது ஏன் பாய், இதுல மட்டும்?”

 அதுவரை நான் அதை யாரிடமும் கேட்டதில்லை.

“தெரியலண்ணே” என்றேன். “மைமூன்கிட்ட சொன்னா அவ ஹஜ்ரத்து வூட்ல போயி கேட்டுக்கிட்டு வந்து…”

அங்கேயே நின்றுவிட்டேன். கலியபெருமாள் குடையை என் பக்கம் நகர்த்திப் பிடித்தார்.